எட்டெக் செய்தி: திறப்புவிழாவைப் போடுறதோ, மூடுவிழாவைப் போடுறதோ?

கொக்குவிலான்
வணக்கம். ஐசிரி ரீச்சர்மார், ரியூசன் சேர்மார், கோர்ஸ் செய்து விக்கிற பெடியள் எண்டு எங்கடை பக்கத்து ஆக்கள் இருக்கிற வட்ஸப் குறூப்புக்கு மாசம் ஒருக்கா எட்டெக், அதுதான் கல்வித் தொழில்நுட்பச் செய்தி தொகுத்துப் போடுற வேலை இப்ப என்ரை தலையில விழுந்திட்டுது, முந்திப் போட்டுக்கொண்டிருந்த அண்ணை கனடா போட்டார். அவர் போட்ட பழசுகளை ஒருக்கால் எடுத்துப் பாத்தன். முழுக்க இன்ன கொம்பனி புது ஏஐ விட்டிருக்கு, இன்னாருக்கு இத்தினை மில்லியன் முதலீடு வந்திருக்கு, இன்ன நாட்டில மாநாடு. சரி, உதை வாசிச்சிட்டு கோப்பாயிலயோ கொடிகாமத்திலயோ ஒரு ரீச்சர் திங்கக்கிழமை விடிய வகுப்புக்குப் போய் என்ன செய்யிறது?

நான் நினைக்கிறன், எது புதுசா வருது எண்டதை விட எது மூடப்போறாங்கள் எண்டதைத்தான் முதல்ல போடவேணும். எட்மோடோவைப் பாருங்கோ. 2008ல தொடங்கினது, 2018ல சீனாவின்ரை நெட்டிராகன் வாங்கினது, லொக்டவுண் நேரம் உலகம் முழுக்க ரீச்சர்மார் அதிலதான் வகுப்பு வைச்சவை, 2022 செப்ரெம்பர் 22 எண்டு நாள் குறிச்சு மூடிப்போட்டாங்கள். பிளிப், பிள்ளையள் வீடியோ எடுத்துப் போடுறது, 2024 ஜூலையோட தனி ஆப் இல்லை, மைக்ரோசொப்ற் ரீம்ஸுக்குள்ள போட்டுது. கூகுளின்ரை ஒன்லைன் வெள்ளைப்பலகை ஜாம்போர்ட் 2024 டிசம்பர் 31ஓட சரி. ஸ்கைப் 2025 மே. அதுக்கு முதல் 2020 கடைசியில பிளாஷ் போகேக்கை அதில செய்த பாடங்கள் எத்தினை சேர்ந்து போனது எண்டு கணக்கே இல்லை. எல்லாத்துக்கும் முன்கூட்டியே அறிவித்தல் வந்தது. எங்கடை குறூப்பில ஒண்டையும் காணேல்லை.

ஆக்கள் என்ன சொல்லுறியள்? இந்த மாசத்துச் செய்தி ஞாயிற்றுக்கிழமை போடவேணும்.

மட்டுவில்_கத்தரி
தம்பி, நீர் செத்தவீட்டு அறிவித்தல் போடுற ரேடியோ மாதிரியெல்லோ கேக்கிறீர். 😄

பகிடிக்குச் சொல்லேல்லை, எனக்கு உதில உடன்பாடு இல்லை. நான் ஏஎல் கெமிஸ்ரி படிப்பிக்கிறன், என்ரை தொழிலை மாத்தினது மூடினது ஒண்டும் இல்லை, திறந்ததுதான். 2022 நவம்பர் 30 சாட்ஜிபிடி வந்தது. அடுத்த மே மாசம் செக் எண்ட அமெரிக்கக் கொம்பனி, வீட்டுவேலைக்கு விடை குடுத்து சந்தா எடுக்கிறவங்கள், அதின்ரை தலைவர் சாட்ஜிபிடியால புது ஆக்கள் சேருறது குறையுது எண்டு ஒரு வசனம் சொன்னதுக்கு ஒரே நாளில பங்கு விலை கிட்டத்தட்ட அரைவாசி விழுந்தது. அந்தச் செய்தியை நான் அண்டைக்கே வாசிச்சனான். வாசிச்ச உடனை வீட்டுவேலைக்குப் புள்ளி குடுக்கிறதை நிப்பாட்டினன், இப்ப எல்லாம் வகுப்பிலயே முன்னால இருந்து செய்யவேணும். உது செய்தி வாசிச்சதால வந்த பலன் தானே?

இப்ப எம்சிகியூ அடிக்கிறதும் ஏஐயிலதான். ஆனால் ஒண்டு, அது தாற தமிழ் இந்தியப் பாடப்புத்தகத் தமிழ், எங்கடை சிலபஸுக்கு நான் இருந்து திருத்தவேணும். அஞ்சு விடையில ரெண்டு சரியா வாற கேள்வியும் தரும். திருத்தாமல் அப்பிடியே பிறின்ற் எடுத்துக் குடுக்கிற சேர்மாரும் யாழ்ப்பாணத்தில இருக்கினம், பேர் சொல்ல மாட்டன்.

இணுவில்_ரீச்சர்
கொக்குவிலான், போடுங்கோ தம்பி போடுங்கோ, கட்டாயம் போடுங்கோ.

எங்கடை பள்ளிக்கூட லாப்பில இருக்கிற கொம்பியூட்டர் எல்லாம் விண்டோஸ் 10. அதுக்கு மைக்ரோசொப்ற் 2025 ஒக்டோபர் 14ஓட சும்மா தாற அப்டேட்டை நிப்பாட்டிப்போட்டுது. 11 போடலாமோ எண்டு பாத்தால் ரிபிஎம் எண்ட பாதுகாப்புச் சிப் வேணுமாம், இன்ரெல் எண்டால் எட்டாம் தலைமுறையோ அதுக்குப் பிறகு வந்ததோ ஆன புரொசசர் வேணுமாம், எங்கடை பெட்டியள் அதுக்கெல்லாம் மூத்ததுகள். உது 2021லயே தெரிஞ்ச விசயம். ஆனால் எனக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் இல்லை, ஸ்கிறீனில நீலமா ஒரு அறிவித்தல் வந்து நிண்டபிறகுதான் தெரியும். முதலே தெரிஞ்சிருந்தால் பழைய மாணவர் சங்கத்திட்டை அந்த முறை பெயின்ற் கேக்காமல் வேற கேட்டிருக்கலாம்.

ஸ்மார்ட் போட் கதை இன்னும் மோசம். கொழும்புக் கொம்பனி ஒண்டு வந்து பெரிய ரிவி மாதிரி ஒண்டைப் பூட்டிவிட்டுது, அதிபர் நாடா வெட்டினவர், பேப்பரிலயும் படம் வந்தது. உள்ளுக்க இருந்த பாட சொப்ட்வெயார் ஒரு வருசச் சந்தாவாம். அது முடிஞ்சபிறகு இப்ப அதில யூரியூப் பாக்கலாம், எழுதலாம், எழுதினதைச் சேவ் பண்ண ஏலாது. நான் வெண்கட்டிக்கே திரும்பிட்டன்.

லண்டன்_சித்தப்பா
எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்சை ஒரு செகண்டரி ஸ்கூலில ஐரி பாக்கிறன். ஒவ்வொரு ஜனவரியும் லண்டன் எக்செல் மண்டபத்தில நடக்கிற பெட் ஷோவுக்குப் போறனான். 1985ல இருந்து நடக்குது, உலகத்திலயே பெரிய எட்டெக் கண்காட்சியளில ஒண்டு. முத்தவெளியில ஜனவரி மாசம் வர்த்தகக் கண்காட்சி நடக்குமெல்லோ, அதை ஒரு நாலைஞ்சு மடங்கு பெருப்பிச்சு ஐஸ்கிறீம் கடையை மட்டும் எடுத்துவிட்டால் அதுதான்.

கடைசியாப் போகேக்கை எங்க திரும்பினாலும் ஏஐ. ரீச்சருக்கு லெசன் பிளான் எழுதுற ஏஐ, புள்ளி போடுற ஏஐ, பிள்ளை பொய் சொல்லுதோ எண்டு பாக்கிற ஏஐ. நான் ஒவ்வொரு ஸ்ரோலிலயும் ஒரே கேள்விதான் கேக்கிறனான், நாளைக்கு உங்கடை கொம்பனி இல்லையெண்டால் எங்கடை டேட்டாவை என்ன பைலில தருவியள் எண்டு. சிரிச்சுக்கொண்டு மேனேஜரைக் கூப்பிடுவினம். மேனேஜரும் சிரிப்பார், பேந்து பேனை ஒண்டு தருவார். வீட்டில பேனை நிறையக் கிடக்கு.

ஆனபடியால் கொக்குவிலான் சொல்லுறதில நியாயம் இருக்கு. யுனெஸ்கோ 2023ல கல்வித் தொழில்நுட்பம் பற்றி ஒரு பெரிய அறிக்கை விட்டது, அதில ஒரு வரி எனக்கு மறக்கேல்லை, எட்டெக் பொருட்கள் சராசரியா 36 மாசத்துக்கு ஒருக்கா மாறுதாம். எங்கடை ஊரில ஒரு செயலமர்வு வைச்சு, அதைப் பழகி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக் குடுக்க அந்த 36 மாசம் போயிடும்.

கோட்_பெடி
சித்தப்பா சூப்பர் 😂 ஆனால் ஸ்ரார்ட்டப் செய்யிற எங்களுக்கு திறப்புவிழாச் செய்தியும் வேணும் அண்ணை. யாழ் ஐரி ஹப்பின்ரை யாழ் கீக் சலஞ்ச் போட்டியில வாற பெடியள் பெட்டையளைப் பாருங்கோ, எத்தினை பேர் கல்விக்கு ஆப் செய்யிறம் எண்டு வருவினம். அவைக்கு உலகத்தில என்ன நடக்குது எண்டு தெரிய வேண்டாமே?

கொக்குவிலான்
தெரியவேணும் தம்பி. ஆனால் எந்தப் பக்கம் தெரியவேணும்? ஒன்லைனில படிப்பிக்கிற இந்தியக் கொம்பனி பைஜூஸ் 2022ல 22 பில்லியன் டொலர் பெறுமதி எண்டு எல்லாப் பேப்பரிலயும் வந்தது, இந்திய கிரிக்கெட் ரீம் அவங்கடை பேரைத்தான் நெஞ்சில போட்டுக்கொண்டு விளையாடினது. 2024 ஜூலையில அதே கொம்பனி வங்குரோத்து வழக்கில நிக்குது. ஒன்லைன் கோர்ஸ் தளம் எட்எக்ஸ், எம்ஐரியும் ஹாவார்ட்டும் சேர்ந்து 2012ல தொடங்கினது, 2021ல 2யு எண்ட கொம்பனிக்கு 80 கோடி டொலருக்கு வித்தவை, அந்த 2யுவும் 2024 ஜூலையில கடன் தாங்க ஏலாமல் கோட்டுக்குப் போனது. ஆப் செய்யப்போற பெடியனுக்கு 22 பில்லியன் கதையை விட ஏன் விழுந்தவங்கள் எண்ட கதைதான் கூடப் பிரயோசனம் எண்டு நான் சொல்லுறன்.

எல்எம்எஸ்_காவலன்
2யு கதையில முக்கியமான பாதியை விட்டிட்டியள் அண்ணை. கொம்பனி விழுந்தாலும் ஓப்பன் எட்எக்ஸ் எண்ட சொப்ட்வெயார் விழேல்லை. அது திறந்த மூலம், அதாவது கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, வித்த காசில தொடங்கின இலாப நோக்கமில்லாத அமைப்பு ஒண்டு அதைத் தொடர்ந்து பாக்குது, ஆரும் இறக்கித் தங்கடை சேர்வரில போடலாம். ஒன்லைனில பாடம் ஏத்தி வகுப்பு நடத்திற சொப்ட்வெயார் மூடிலும் அப்பிடித்தான், பேர்த்தில இருந்த மார்ட்டின் டூகியாமஸ் 2002ல முதல் பதிப்பு விட்டவர், இண்டைக்கும் எங்கடை நாட்டில கனக்கக் கம்பஸ் அதிலதான் ஓடுது. மூடில் எண்ட கொம்பனி நாளைக்கே போனாலும் என்ரை சேர்வர் நாளண்டைக்கும் ஓடும்.

அதுக்காக மூடில்காரர் நிம்மதியாப் படுக்கலாம் எண்டு இல்லை. எனக்கு எட்டெக் செய்தி எண்டால் அது பதிப்பு எப்ப முடியுது எண்ட அட்டவணைதான். 4.1 பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் 2025 டிசம்பரோட முடிஞ்சுது. இன்னும் 4.1 இல நிக்கிற இடங்கள் கனக்க இருக்கு. இதை வாசிக்கிற ஆருக்காவது சொந்த மூடில் இருந்தால் உடனை போய் நிர்வாகப் பக்கத்தில நோட்டிபிகேசன் எண்டதை அமத்திப் பாருங்கோ, பதிப்பு இலக்கம் கீழ கிடக்கும்.

கூகுள் விசயமும் போடுங்கோ. கல்வி எக்கவுண்டுக்கு அளவில்லாத இடம் எண்டு முதல்ல தந்தது, 2021ல அறிவிச்சு அடுத்த வருசத்தில இருந்து முழு நிறுவனத்துக்கும் சேர்த்து 100 ரிபி (ரெராபைற்) எண்டு சுருக்கிட்டுது. 100 ரிபி பெருசாத்தான் கேக்கும், லொக்டவுண் நேரத்து சூம் ரெக்கோடிங் எல்லாம் டிரைவில கிடக்கிற கம்பஸுக்கு அது காணாது. 2020ல எங்கடை நாட்டுக் கம்பஸுகளை இணைக்கிற லேர்ண் வலையமைப்பு கம்பஸுகளுக்கு சூம் தந்ததும், கம்பஸ் சேர்வருக்குப் போற டேட்டாவுக்குக் காசு எடுக்காமல் விட்டதும் உண்மையில பெரிய உதவி, அதை மறக்கக் கூடாது. ஆனால் அப்ப எடுத்த ரெக்கோடிங்கை எங்க வைக்கிறது எண்டு அப்ப ஒருத்தரும் யோசிக்கேல்லை.

மட்டுவில்_கத்தரி
காவலன், ஒரு உதவி. என்னட்டை 2005ல இருந்து அடிச்ச பேப்பர் எல்லாம் வேர்ட் பைலா கிடக்கு, முழுக்க பாமினி. மூடிலில போட்டால் குப்பை குப்பையா வருது. ஏஐக்குக் குடுத்தாலும் அது ஏதோ சீன மொழி மாதிரி முழிக்குது.

எல்எம்எஸ்_காவலன்
சேர், உதுதான் யாழ்ப்பாணத்தின்ரை மிகப் பெரிய எட்டெக் பிரச்சினை, ஒரு மாநாட்டிலயும் கதைக்காத பிரச்சினை. பாமினி எண்டது படம் மட்டும் தமிழ், உள்ளுக்க இருக்கிறது இங்கிலிஸ் எழுத்து. நீங்கள் தமிழ் எண்டு அடிச்சது பைலுக்குள்ள நாலு இங்கிலிஸ் எழுத்தும் ஒரு செமிகோலனுமா கிடக்கு. பொன்ற் இருக்கிற கொம்பியூட்டரில மட்டும் தமிழ். போனில இல்லை, மூடிலில இல்லை, தேடினால் ஆம்பிடாது.

மாத்திறது கஷ்டமில்லை. பொங்குதமிழ் மாற்றியில பாமினி எண்டு தெரிவு செய்து ஒட்டினால் எந்தக் கொம்பியூட்டரிலயும் போனிலயும் தெரியிற யுனிகோட்டா தரும். ஆனால் பந்தியுக்குள்ள உண்மையான இங்கிலிஸும், கெமிஸ்ரி சமன்பாடும் கலந்து கிடந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கிப்போடும். உங்கடை பேப்பரில சல்பூரிக் அமிலத்தின்ரை சூத்திரம் என்ன கோலத்தில வரும் எண்டு செய்து பாருங்கோ, சிரிப்பு வரும். அதாலை தமிழ்ப் பந்தியை மட்டும் வெட்டி மாத்துங்கோ, சமன்பாட்டைத் திரும்ப அடியுங்கோ. பிடிஎப் மட்டும்தான் இருக்கு எண்டால் அது வேற கரைச்சல், முதல்ல வேர்ட் பைலைத் துலைக்காமல் வைச்சிருங்கோ.

மட்டுவில்_கத்தரி
நன்றி தம்பி. செய்து பாத்தன். சூத்திரம் வந்த கோலத்தை இஞ்சை எழுத ஏலாது, தூசணம் மாதிரி இருக்கு.

இணுவில்_ரீச்சர்
😂😂

சேர், அப்பிடியே மாத்தினதை உங்கடை ரியூட்டறிக்குள்ள பூட்டி வையாமல் வெளியில விடலாமெல்லோ? நூலகம் எண்ட இணையத்தளம் 2005ல இருந்து எங்கடை புத்தகங்கள், சஞ்சிகையள் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி இலவசமா வைச்சிருக்கு. பழைய பாடப்புத்தகம் தேடினால் நான் முதல்ல போறது அங்கைதான். கொம்பனி வைச்ச எத்தினையோ தளம் வந்து போட்டுது, அது நிக்குது.

மட்டுவில்_கத்தரி
ரீச்சர், அதை வெளியில விட்டால் என்ரை வகுப்புக்கு ஆர் வாறது? மூண்டு பிள்ளையள் வளக்கிறன். பழசுகளைக் குடுக்கலாம், போன வருசத்தைத் தரமாட்டன்.

தீவான்
கொஞ்சம் பிந்தி வாறன், இஞ்சை சிக்னல் வந்து வந்து போகுது. நெடுந்தீவில படிப்பிக்கிறன்.

நீங்கள் எல்லாம் கொம்பனி மூடுறதைப் பற்றிக் கதைக்கிறியள், எங்களுக்கு ஒவ்வொரு நாளும் மூடுவிழாதான். காத்து கூடினால் குறிகட்டுவான் போட் இல்லை, ரவர் போனால் நெட் இல்லை. அதாலை நான் எட்டெக் செய்தி வாசிக்கேக்கை ஒரே ஒரு விசயம்தான் தேடுறது, நெட் இல்லாமல் ஓடுமோ. ஓடாட்டி அடுத்த செய்தி.

அப்பிடித் தேடித்தான் கொலிபிறி எண்டதைக் கண்டுபிடிச்சன். லேர்ணிங் ஈக்குவாலிட்டி எண்ட அமைப்பு 2017ல விட்டது, இலவசம், திறந்த மூலம். ராஸ்பெரி பை எண்ட கையளவு கொம்பியூட்டரில போட்டு ஒரு வைபை விட்டால் காணும், பிள்ளையள் போனில வைபையைப் பிடிச்சு பிரவுசரைத் திறந்தால் பாடம் வரும், டேட்டா ஒரு சதம் போகாது. அதில வாற கான் அக்கடமி வீடியோ இங்கிலிஸ், எங்கடை பிள்ளையளுக்கு அவ்வளவா ஒத்துவரேல்லை. அதாலை நானும் இன்னொரு ரீச்சரும் போனில எடுத்த வீடியோவும், பாஸ்ற் பேப்பர் பிடிஎப்பும், எச்5பி எண்ட, பிள்ளையள் அமத்தி விடை சொல்லுற கேள்வி செய்யிற கருவியில செய்த கேள்வியளும் போட்டம். அதைக் கொலிபிறி ஸ்ரூடியோவில ஏத்திறதுக்கு மட்டும் நெட் வேணும், அது நான் யாழ்ப்பாணம் வாற நேரம் கஸ்தூரியார் றோட்டில ஒரு கடையில இருந்து ஏத்திப்போட்டு, பென்டிரைவில இறக்கிக்கொண்டு போட் ஏறுறது. வீடியோ 480க்கு மேல வேண்டாம், போன் ஸ்கிறீனில வித்தியாசம் தெரியாது, பைல் மட்டும் பெருக்கும்.

எப்பிடி நடக்குது எண்டு சொல்லுறன். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டபிறகும் பெட்டியை நான் நிப்பாட்டிறேல்லை. அஞ்சாறு பிள்ளையள் மதிலுக்கு வெளியில வேப்பமரத்துக்குக் கீழ சைக்கிளில குந்திக்கொண்டு போனில பாடம் பாக்கும், வைபை அவ்வளவு தூரம் எட்டும். பாடம் தான் பாக்குதுகளோ எண்டு சந்தேகம் வந்து லொக் எடுத்துப் பாத்தன், கணிதக் கேள்வியைத் திருப்பித் திருப்பிச் செய்திருக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை, எல்லாம் சரி வருமட்டும்.

லண்டன்_சித்தப்பா
தீவான், சற்றலைற்றில நெட் தாற ஸ்ரார்லிங்க் இலங்கைக்கு 2025 ஜூலையில வந்திட்டுதெல்லோ? இஞ்சை எங்கடை ஊர்ச் சங்கத்தில கேட்டால் ஒரு டிஷ் வாங்கித் தருவினம்.

தீவான்
தந்தால் வேண்டாமெண்டு சொல்ல மாட்டம் அண்ணை, பெரிய உதவி. ஆனால் மாசச் சந்தா ஆர் கட்டுறது? இரண்டு வருசம் சங்கம் கட்டும், மூண்டாம் வருசம் சங்கத்தில நிர்வாகம் மாறும், ரீச்சரின்ரை ஸ்மார்ட் போட் கதைதான் திரும்ப. டிஷ் வாங்கிற காசில பை பெட்டி கனக்க வாங்கலாம், நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாத்துக்கும் ஒண்டு ஒண்டு வைக்கலாம்.

கோட்_பெடி
தீவான் அண்ணை, எச்5பியை 2024ல கனடாக் கொம்பனி டி2எல் வாங்கிட்டுது, தெரியுமே? கொக்குவிலான் அண்ணையின்ரை லிஸ்ட்டில அதையும் போடலாம். மூடேல்லை, ஆனால் கண் வைச்சிருக்கவேணும்.

தீவான்
தெரியாது தம்பி. அப்ப என்ரை கேள்வியள்?

எல்எம்எஸ்_காவலன்
பயப்பிடாதேங்கோ. எச்5பியின்ரை அடிப்படைக் கோட் திறந்த மூலம்தான், மூடிலுக்குள்ளயே வருது. நீங்கள் செய்த ஒவ்வொண்டையும் எச்5பி பைலா இறக்கி ஹாட்டிஸ்கில வையுங்கோ, ஆர் வாங்கினாலும் வித்தாலும் அது திறக்கும். மூடில் கோர்ஸ் எண்டால் பக்கப் எடுத்து வையுங்கோ. கூகுள் கிளாஸ்றூம் எண்டால் டேட்டாவை இறக்கி எடுக்கிற ரேக்கவுட் இருக்கு, அதில வாறது அவ்வளவு வடிவில்லை, எண்டாலும் பிள்ளையளின்ரை வேலை கையில இருக்கும். பிள்ளையளின்ரை பேரும் புள்ளியும் உள்ள பைலை மட்டும் வட்ஸப்பில எறியாதேங்கோ, தனிப்பட்ட தரவுக்கு 2022ல சட்டம் வந்திருக்கு.

கொக்குவிலான்
சரி, முடிவு இப்பிடி. இந்த மாசத்துச் செய்தியில மேல மூடுற விசயம் ரெண்டு: விண்டோஸ் 10, மூடில் 4.1. ஒவ்வொண்டுக்கும் கீழ இப்ப என்ன செய்யவேணும் எண்டு ஒரு வரி. நடுவில எச்5பி கைமாறின கதை. கத்தரி சேருக்காக ஏஐ ஒரு பந்தி, ஆனால் அதைச் சேர்தான் எழுதித் தரவேணும். மாநாடு எண்டு போடுறதெண்டால் வீட்டில இருந்து பாக்கக்கூடியது மட்டும், மார்ச் மாசம் வாற திறந்த கல்வி வாரம் மாதிரி. பேர்லினில நடக்கிறதைப் போட்டு ஆருக்கு என்ன.

பாமினிக்குத் தனிப் பதிவு காவலன் எழுதவேணும். மாட்டன் எண்டு சொல்லாதேங்கோ.

எல்எம்எஸ்_காவலன்
எழுதுறன். பரீட்சை முடியட்டும்.

மட்டுவில்_கத்தரி
ஏஐ பந்தி யுனிகோட்டிலயே தாறன் 😄

இணுவில்_ரீச்சர்
தம்பிமார், விண்டோஸ் 10க்கு அந்த ஒரு வரி என்னெண்டு இப்பவே சொல்லுங்கோ, எனக்கு ஞாயிறு மட்டும் பொறுக்க ஏலாது.

கோட்_பெடி
ரீச்சர், லினக்ஸ் மின்ற், விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவசச் சொப்ட்வெயார். ஒரு பெட்டியில மட்டும் முதல்ல போட்டுப் பாருங்கோ, லிப்ரே ஒபிஸும் ஸ்கிறாச்சும் ஓடும், தமிழ் யுனிகோட்டும் அடிக்கலாம். சிலபஸில எம்எஸ் ஒபிஸ் படம் போட்டிருக்கிற பாடத்துக்கு மட்டும் ரெண்டு விண்டோஸ் பெட்டியை நெட்டைக் கழட்டிப்போட்டு வைச்சிருங்கோ. சனிக்கிழமை நான் வந்து போட்டுத் தாறன், ரீ மட்டும் தாங்கோ.

லண்டன்_சித்தப்பா
தீவான், உங்கடை பெட்டிக் கணக்கைத் தனியா அனுப்புங்கோ, சங்கத்தில கேக்கிறன். ஒரு கேள்வி, கறண்ட் போகேக்கை என்ன செய்யிறியள்? எங்கடை ஸ்கூலில ஒருக்கால் பை வைச்சுப் பாத்தனாங்கள், பிளக்கைக் கழட்டினால் எஸ்டி கார்ட் பழுதாயிடும்.

தீவான்
ஓம் அண்ணை, எஸ்டி கார்ட்டில எழுதிக்கொண்டிருக்கேக்கை கறண்ட் போனால் அவ்வளவுதான். 2022 கறண்ட் வெட்டு நேரம் ஊரெல்லாம் வித்த றூட்டர் மினி யூபிஎஸ் இருக்கெல்லோ, அதுதான் போட்டிருக்கிறன். ஆனால் வாங்கேக்கை பாத்து வாங்கவேணும், அதில கனக்க 9 வோல்ற், 12 வோல்ற் வழிதான் வரும். பை 4க்கு 5 வோல்ற் 3 அம்பியர் வேணும், யூஎஸ்பி வழி இருந்தாலும் 2 அம்பியர் எண்டால் வைபையில பிள்ளையள் கூடினோடனை பெட்டி தானா நிண்டு நிண்டு எழும்பும். கார்ட்டுக்குப் பதிலா யூஎஸ்பி எஸ்எஸ்டியில போட்டால் இன்னும் நல்லம். கணக்கு எழுதேக்கை அதையும் சேர்த்து அனுப்புறன், போட் வெளிக்கிடப் போகுது.